பாப்பாரப்பட்டிக்குக் கொண்டுபோன கம்பளிச் சட்டை

லண்டனிலிருந்து சேலம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டேன். தொப்பூர் மலையில்தான் மாட்டிக்கொண்டேன். எதிர்ச்சாரியில் இறங்கிய லாரி ஒன்று நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு எங்கள் பாதையில் வந்து விழுந்து கிடந்தது. நல்லவேளை, டிரைவர் பிழைத்துக்கொண்டாராம். நடத்துநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வண்டி இப்போதைக்கு நகராது, டீ குடிக்கிறவர்கள் குடித்துவிட்டு வரலாம் என்றார். வாரத்துக்கு நாலு தடவை இதையே சொல்கிறவர் போலச் சாவகாசமாகச் சொன்னார்.

சாலையோரக் கடையில் புரோட்டா கிடைத்தது. குருமா என்று ஊற்றியது சுடுதண்ணீரில் கரைத்த மிளகாய்த்தூள். திட்டிக்கொண்டே இரண்டு தின்றேன். பக்கத்து பெஞ்சில் வடக்கத்தி லாரி டிரைவர் ஒருவர் போனில் வீட்டோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். என் அரைகுறை இந்திக்குப் புரிந்தது இவ்வளவுதான்: “இன்னும் மலையிலதான் நிக்கறேன். நீ சாப்பிட்டுட்டுப் படு. எனக்காக உக்காந்திருக்காத.” சாதாரணப் பேச்சுதான். ஆனாலும் கேட்டதும் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். நான் கிளம்பி வந்த காரியம் அப்படிப்பட்டது.

என் வேலையைச் சொன்னால்தான் காரியம் புரியும். நானூறு வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன இங்கிலீஷ்காரர்களின் கடிதங்கள் லண்டனில் ஒரு ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. மூட்டை மூட்டையாக. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று படித்துக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. கிழிந்ததையும் செல்லரித்ததையும் மெல்லிய தாள் ஒட்டிச் சரிசெய்வது பக்கத்து மேசை முருகேசனின் பிழைப்பு. அவன் பாப்பாரப்பட்டிக்காரன். நான் திருநெல்வேலி. இருபது வருஷமாக ஒன்றாக மத்தியானச் சோறு தின்கிறோம். என்னை அக்கா என்பான்.

அந்த வியாபாரிகள் பாவப்பட்ட ஜென்மங்கள். ஒரு கடிதத்தை எழுதினால் அதையே இரண்டு மூன்று நகல் எடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒரு கப்பல் முழுகினால் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று. எல்லாக் கடிதமும், போன கடிதத்தை எந்தக் கப்பலில் அனுப்பினோம் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கும். ஜாவாத் தீவில் பாண்டம் துறைமுகத்தில் இருப்பவர் சூரத்தில் இருப்பவரை ஏன் பதில் போடவில்லை என்று ஒரு வருஷம் திட்டிக்கொண்டிருப்பார். சூரத்துக்காரரை அதற்கு முன்பே புதைத்திருப்பார்கள். ஒரே கடிதத்தின் இரண்டு நகல்களையும் மேசையில் வைத்துக்கொண்டு முருகேசன் என்னிடம் கேட்பான், இதை எழுதினவன் உயிரோடு இருக்கும்போதே பதில் வந்ததா என்று. நான் தேடிப் பார்ப்பேன். பாதிக்குப் பாதி வந்திருக்காது.

போன பனிக்காலத்தில் முருகேசனுக்கு ஈரலில் புற்று என்று சொன்னார்கள். சில மாதம் தாங்கும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். பாப்பாரப்பட்டிக்குப் போய் அவன் அண்ணன் மாதையனைப் பார்க்க வேண்டும். அண்ணன் ஒரு தடவை போனில் பேசினால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஒன்பது வருஷம். அம்மா செத்தபோது இவனுக்கு டிக்கெட் கிடைத்து, பெங்களூரில் இறங்கி ஊர் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணன் எடுத்துவிட்டார். வாசலில் வந்து நின்ற தம்பியிடம், “எதுக்கு வந்த?” என்று மட்டும் கேட்டாராம். முருகேசன் பெட்டியை இறக்கக்கூட இல்லை, அப்படியே திரும்பிவிட்டான். பிறகு சமாதானம் பேச ஒரு சித்தப்பாவை அனுப்பினான். அவர் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பிக்க, மாதையன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதனால் எனக்கு முருகேசன் கண்டிப்பாக ஒரு கட்டளை போட்டான். “அண்ணனா என்னப் பத்திக் கேக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்கக்கா. அவரு கேப்பாரு. முந்திக்கிட்டா எழுந்து போயிடுவாரு.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. நான் படித்த கடிதங்கள் அத்தனையும் அதைத்தான் சொல்கின்றன. கடற்கரைக் கிடங்கிலிருந்து உள்நாட்டு அரசனிடம் தூது போகிறவன் எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசக் கூடாது. கண்ணாடி, வாள், நாய்க்குட்டி, துணி என்று ஏதாவது காணிக்கை கொடுத்துவிட்டு, போட்டதைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அரசன் தானாகக் கேட்பான். அவசரப்பட்டவன் காணிக்கையும் போய் வெறுங்கையோடு திரும்புவான். இத்தனை வருஷம் இதைப் படித்த எனக்கு, தூது என்றால் என்னவென்று தெரியும் என்கிற திமிர் இருந்தது.

மாதையன் வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் ராகி அறுத்த தாள், ஓரமாகப் புளியமரங்கள். வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போய் இறங்கினேன். உங்கள் தம்பியோடு வேலை பார்க்கிறவள், லண்டனிலிருந்து வருகிறேன் என்றேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “வாங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க” என்றார். அதோடு சரி.

எங்கள் ஊராக இருந்தால் படியேறும்போதே, “என்ன சோலியா வந்திய?” என்று கேட்டுவிடுவார்கள். காப்பி அதற்கப்புறம்தான் வரும். இங்கே தண்ணீர் வந்தது, மோர் வந்தது, நிப்பட் என்கிற தட்டை வந்தது, மாம்பழம் வந்தது. கேள்வி மட்டும் வரவில்லை. நானும் கேட்கும்போது கேட்கட்டும் என்று மாம்பழத்தைத் தின்றேன். மாம்பழத்தைக் குறை சொல்ல முடியாது.

அவர் மனைவி பழனியம்மா என்னை முதல் பார்வையிலேயே அக்கா ஆக்கிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் களியும் கொள்ளுக் குழம்பும். நான் களியை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “மெல்லாதீங்கக்கா, அப்பிடியே முழுங்கணும்” என்று சிரித்தார். முழுங்கினேன். உள்ளே போய்க் கல்லாக உட்கார்ந்துகொண்டது. லண்டனில் முருகேசன் ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி எடுத்துவந்து கொடுத்தால், வேண்டாம்டா, உன் ஊர்ச் சிமெண்டை நீயே தின்னு என்பேன். அது ஞாபகம் வந்து, எனக்கு அழுகையாக வந்தது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் காணிக்கையை எடுத்தேன். அந்த வியாபாரிகளின் பெரிய பைத்தியக்காரத்தனம் ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து வெயில் தேசங்களுக்கெல்லாம் கெட்டியான கம்பளித் துணியை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இங்கே விற்கவில்லை, பூச்சி அரிக்கிறது, அனுப்பாதீர்கள் என்று இவர்கள் எழுதுவார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் அடுத்த கப்பலில் கம்பளி வந்து இறங்கும். இதைப் படித்து நானும் முருகேசனும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அப்படிச் சிரித்த நான் என்ன வாங்கிக்கொண்டு வந்தேன் தெரியுமா? தடியான கம்பளிச் சட்டை. தர்மபுரி மாவட்டத்துக்கு, சித்திரை வெயிலில்.

மாதையன் அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே ஃபேன் சூடான காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. “நல்லா கனமா இருக்குதுங்க” என்று மரியாதையாகச் சொல்லி, பீரோவில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். தம்பி கொடுத்தனுப்பினானா என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

மறுநாளும் அதேதான். காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கோ கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கிளம்பவே இல்லை. மோட்டார் போடக்கூடப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைத்தான் அனுப்பினார். நான் எதிரே உட்கார்ந்தால் மழையைப் பற்றிச் சொல்வார், யானை இறங்குவதைப் பற்றிச் சொல்வார், பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பையன்களைப் பற்றிச் சொல்வார். எல்லாம் பேசுகிற மனிதர், தம்பி பெயரை மட்டும் பாம்பைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனார். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டினேன்.

பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கன்னடம் பேசும் ஒரு அம்மாள் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கையால் காட்டி, பழனியம்மாவிடம் கன்னடத்தில் என்னவோ கேட்டார். என்ன சொல்கிறார் என்று பழனியம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நம்மூரு உங்களுக்குப் புடிச்சிருக்குதான்னு கேக்கறாங்கக்கா” என்றார். புடிச்சிருக்குது என்று அந்த அம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் பழனியம்மாவோடு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாப்பாரப்பட்டி கடைவீதிக்குப் போனேன். அங்கே வைத்து முருகேசனின் மகள் கயலிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது, அம்மா இல்லாத பெண். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, பெரியப்பா கேட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். இன்னும் இல்லை, நாளைக்குக் கேட்டுவிடுவார் என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. காத்திருங்கக்கா, அண்ணன் கேப்பாரு என்று அப்பா சொல்லச் சொன்னாராம்.

சாயங்காலம் வந்த செய்தியில், அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று இருந்தது. இனித் தாங்காது என்று முற்றத்துக்குப் போய், “உங்ககிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தேன். மாதையன் சட்டென்று எழுந்து நின்றார். ஐயோ, சித்தப்பா கதைதான் என்று பயந்துபோய், மோட்டார் ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டு மழுப்பிவிட்டேன். அவர் கையை நீட்டித் திசை காட்டிவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து, தீர்த்தமலைக்குப் போய்விட்டு வரலாம், வீட்டுக்கு வந்தவர்களை ஒரு இடமும் கூட்டிப்போகாமல் அனுப்பினால் நன்றாக இருக்காது என்றார். அங்கேயாவது கேட்பார் என்று கிளம்பினேன். தர்மபுரி போய், அரூர் பஸ் பிடித்து, அங்கே பஸ் மாறி, அரூரைத் தாண்டியதும் பஸ் டயர் வெடித்து, எல்லோரும் இறங்கி முட்செடி நிழலில் நின்றோம். லண்டனில் ரயில் ஐந்து நிமிஷம் தாமதம் என்றாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே டிரைவர் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். வெயிலில் நின்று நின்று எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. முருகேசன் மேலும் வந்தது, செத்துக்கொண்டிருந்தாலும்.

மலைமேல் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிறது. அதில் தலையைக் காட்ட ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல குளிர்ந்த தண்ணீர். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. போனில் சிக்னல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மாதையன் பாறையைப் பார்த்து வெகுநேரம் கும்பிட்டார். என்ன வேண்டினார் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இறங்கும்போது பழனியம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்தோம். மாதையன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் காதுக்கு எட்டாது என்று ஆனதும் பழனியம்மா என் கையைப் பிடித்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்ப சொல்லப் போறீங்க? அந்தக் கன்னடத்தம்மாவும் அதத்தான் கேட்டாங்க. உங்ககிட்ட நான் மாத்திச் சொல்லிட்டன். தம்பிகிட்ட இருந்து ஏதோ சேதி கொண்டாந்திருக்கறீங்க, வாய் தொறப்பீங்கன்னு அவரு தோட்டத்துக்கே போவாம வூட்டுலயே உக்காந்துக்கறாரு. நீங்க வந்த அன்னிக்கே கடைக்குப் போயி, வெளிநாட்டுக்குப் பேசற மாதிரி போன்ல காசு ஏத்தியாந்துட்டாரு. நேத்து நீங்க ஆரம்பிச்சீங்கன்னு எழுந்து நின்னாரு. நீங்க மோட்டார் ரூமக் கேட்டீங்க.”

“அவர் ஏன் கேக்கல?” என்றேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி இருந்தது.

“வூட்டுக்கு வந்தவங்கள எதுக்கு வந்தீங்கன்னு கேக்கக் கூடாதுங்கக்கா. கேட்டா வெளிய போங்கன்னு அர்த்தம். அன்னிக்கித் தம்பிய அப்பிடிக் கேட்டுட்டாரு. அன்னையில இருந்து இவரு எந்த மனுசனையும் கேக்கறதில்ல. யாரு வந்தாலும் அவங்களா சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பாரு. சித்தப்பா வந்தன்னிக்கு எழுந்து போனதுகூடக் கோவத்துல இல்லீங்க, வெக்கத்துல.”

நான் படிகளில் ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. மாதையன் அடிவாரத்தில் ஒரு டீக்கடைப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புற்று, ஆஸ்பத்திரி, ஒரு தடவை பேசினால் போதும் என்று அவன் கேட்டது, அவராகக் கேட்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “நம்பர் சொல்லுங்க” என்றார்.

ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கயல் எடுத்தாள். பெரியப்பா பேசுகிறார் என்று நான் சொன்னேன். அவள் அங்கே யாரிடமோ இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். பிறகு, திக்கித் திக்கித் தமிழில், “அப்பா காதுல வைக்கிறேன், பேசுங்க பெரியப்பா” என்றாள்.

“முருகேசா” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “முருகேசா, நான்தான். தீர்த்தமலைல இருக்கறன். உங்க அக்கா இங்க வந்திருக்கறாங்க, நல்லாப் பாத்துக்கிட்டோம். நீ ஒண்ணும் நெனைக்காத.” டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை நிறுத்தினார். மாதையன் திரும்பவும் முதலிலிருந்து அதையே சொன்னார், வார்த்தை மாறாமல். மூன்றாவது தடவையும் சொன்னார். “அவ்வளவுதான்டா” என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் போனேன். கயல் அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாள். போன் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பா போனாராம். நர்ஸ் இன்னும் அறையைவிட்டுக்கூடப் போகவில்லையாம். பெரியப்பா குரல் கடைசியில் வந்துவிட்டதே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அப்பாவின் காதில் வைத்தாளாம்.

திரும்பி வந்தேன். பழனியம்மாவும் ஒருவழியாக இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூது போன இடத்தில் அரசனுக்குப் பிடிக்காத சொல்லை மொழிபெயர்க்கும்போது மாற்றிச் சொன்ன எத்தனையோ துபாஷிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். “அவனுக்குக் கேட்டிருக்கும்ங்க” என்றேன்.

மாதையன் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மூச்சுச் சத்தம் வரலீங்க. எங்கம்மா கடசி மூச்ச பக்கத்துல உக்காந்து கேட்டவன் நான். எனக்குத் தெரியாதுங்களா?”

பழனியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், டீக்கடைக்காரர் முன்னால் ஓவென்று அழுதேன். என் தூதையும் என் படிப்பையும் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும் போல இருந்தது. மாதையன் அழவில்லை. மூவருக்கும் டீ சொன்னார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தபோது, “அங்க எத்தன நாளுங்க வெப்பாங்க?” என்று கேட்டார். நான் வந்த மூன்று நாளில் அவர் என்னிடம் தம்பியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

அங்கே அவசரமாக எடுக்க மாட்டார்கள், இரண்டு வாரம் மூன்று வாரம்கூட ஆகும் என்றேன்.

“பாஸ்போர்ட்டு அதுக்குள்ள எடுத்துட முடியுங்களா?”

பாஸ்போர்ட் எடுத்துவிடலாம், விசாவும் வர வேண்டும், பார்க்கலாம் என்றேன். தலையாட்டிக்கொண்டார். அங்கே குளிருமா என்றார். குளிரும் என்றேன். நீங்கள் கொடுத்த சட்டை இருக்கிறதே, அது போதும் என்றார். நான் போனை எடுத்து, பெரியப்பா வரும்வரை அப்பாவை வைத்திரு என்று கயலுக்கு எழுதினேன். எழுதும்போது அவர் பேசியது காதில் விழுந்தது, என்னிடமா பழனியம்மாவிடமா என்று தெரியவில்லை.

“அம்மாவ நான் ரெண்டு நாளுதான் வெச்சன். இன்னொரு நாளு வெச்சிருந்தா பாத்திருப்பான்.”